தொட்டிலுக்கு முன்பே தொடங்கும் தொப்பை

பணக்காரனைப் படத்திலே காட்ட வேண்டுமா, தொப்பை போடு. பாட்டாளியைக் காட்ட வேண்டுமா, விலா எலும்பை எண்ணி எண்ணி வரை! நமது ஏடுகளிலே கேலிச்சித்திரம் தீட்டுவோர் நெடுங்காலம் கையாண்டு வந்த முறை இது. எழுத்தறியாதவனுக்கும் பளிச்சென விளங்கிற்று. கொழுத்தவன் சுரண்டுபவன், மெலிந்தவன் சுரண்டப்படுபவன்.

அந்தத் தூரிகையை எடுத்துக்கொண்டு ஓவியர் இன்று திருப்பூருக்கு வரட்டும். காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனி வாசலிலே நின்று, டிபன் பையோடு உள்ளே நுழையும் பெண்களைப் பார்க்கட்டும். திகைத்துப் போவார்! வயது முப்பத்தைந்து இருக்கும். உழைப்பு ஓயாத உழைப்பு. ஆனால் இடுப்பைச் சுற்றிச் சதை, படியேறினால் இளைப்பு, பையிலே சர்க்கரை மாத்திரை. முதலாளியோ அதிகாலையில் நடைப்பயிற்சி, பகலிலே பழச்சாறு, இரவிலே கோதுமைக் கஞ்சி என்று கொடிபோல் இருக்கிறார். தொப்பை கட்சி மாறிவிட்டது, தோழர்களே!

கதையல்ல, கணக்கு. தேசிய குடும்பநல ஆய்வினர் 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களை நிறுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 30.9 பேர் தேவைக்கு மேற்பட்ட எடை. 2019-21-ல் மறுபடியும் நிறுத்தார்கள், 40.4 ஆகிவிட்டது. செழிப்பு வந்துவிட்டதோ என்று மகிழ்வோர், அதே ஆய்வேட்டின் வேறு பக்கத்தைப் புரட்ட வேண்டும். இரத்தசோகை பிடித்த பெண்கள் நூற்றுக்கு 53.4! சதையும் சோகையும் ஒரே உடலிலே ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன. உணவு மிகுந்ததால் வந்த சதையானால், இரத்தம் வற்றியது எப்படி?

வைத்தியரிடம் போகிறாள் நமது டெய்லர் அம்மாள். "வாயைக் கட்டு, நன்றாக நட" என்கிறார் அவர். வாயைக் கட்டு! காலையிலே ஒரு டீயும் வர்க்கியும், பகலிலே தூக்குச் சோறு, மாலையிலே ஒரு போண்டா, இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு புரோட்டா. இதிலே எதைக் கட்டுவாள்? நடக்கச் சொல்கிறார், எப்போது நடப்பாள்? ஒன்றரை ஷிப்ட் முடிந்து, இரவு எட்டரைக்குமேல், காங்கேயம் சாலையிலே லாரிகளுக்கு நடுவிலா? அவர் சொல்வதிலே பிழையில்லை. ஆனால் அவர் முப்பத்தைந்தாம் அத்தியாயத்திலே புத்தகத்தைத் திறக்கிறார். முதல் அத்தியாயம் எங்கே எழுதப்பட்டது? அவள் தாயின் வயிற்றிலே.

வயிற்றிலே எழுதப்பட்டது என்றதும், "அதைத்தான் ஐயா, நாங்கள் தலையெழுத்து என்கிறோம்" என்று கிளம்பிவிடுவர் சிலர். பொறுங்கள்! தலையெழுத்தை எழுதியவன் யார் என்று நீங்கள் காட்டியதேயில்லை. இந்த எழுத்துக்கோ எழுதிய கைகளைக் காட்ட முடியும்: கூலிப் பட்டியல், ஷிப்ட் மணி, ரேஷன் பை, பால்மாவு டப்பா. காட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நமது நாட்டவர்.

புனே நகரத்து கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993-ல் தம் குழுவினருடன் அந்நகரை அடுத்த ஆறு கிராமங்களுக்குச் சென்றார். வயற்காட்டிலே வேலை செய்யும் பெண்கள். சராசரி எடை சுமார் 42 கிலோ. அவர்கள் கருவுற்றது முதல் என்ன உண்டார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்று குறித்து, பிறந்த குழந்தைகளை நிறுத்து, தோல் மடிப்பைப் பிடித்து அளந்தார்கள். இங்கிலாந்திலே சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே பிறந்த குழந்தை சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. எல்லாவற்றிலும் நம் குழந்தை சிறியது. தசை சிறியது, வயிற்றுக்குள் உறுப்புகள் சிறியன. ஒன்றே ஒன்று மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை: கொழுப்பு! எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று தாய் கலங்கும் அந்தப் பிஞ்சு, கொழுப்பை இறுகப் பற்றிக்கொண்டு உலகத்துக்கு வந்திருக்கிறது. மெலிந்த கொழுப்புக் குழந்தை என்று பெயரிட்டார் யாஜ்னிக். முரண்போலத் தோன்றும் பெயர், முழு உண்மை.

அவரைப் பற்றிய வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாஜ்னிக்கும், அவருடைய நண்பர் யட்கின் என்ற ஆங்கில வைத்தியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று 2004-ல் 'லான்செட்' இதழிலே வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. தராசு இருவரையும் சமம் என்றது. உள்ளே அளந்தார்கள். ஆங்கிலேயரின் உடலிலே கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2! பார்வைக்கு இருவரும் ஒல்லி. படம் காட்டியது பாதி, பாக்கி தோலுக்கடியிலே.

ஏன் இப்படி? கருவிலே வளரும் உயிருக்குச் சத்து போதிய அளவு வராதபோது, அது வரவு செலவுத் திட்டம் போடுகிறது. மூளைக்கு முதல் ஒதுக்கீடு. வெட்டு விழுவது தசைக்கு, ஈரலுக்கு, இன்சுலின் சுரக்கும் கணையத்துக்கு. தசை நார்கள் எத்தனை என்பது பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அளவு குறைய வெட்டிய துணியைத் தையல் மேசையிலே நீட்டிவிட முடியுமா என்று திருப்பூரிலே எந்த டெய்லரையும் கேளுங்கள்! அது மட்டுமோ? "வெளியுலகம் பஞ்சப் பிரதேசம், கிடைத்ததைச் சேமித்துவை" என்று பாடம் படித்துவிட்டுப் பிறக்கிறது பிள்ளை. பிறந்த பிறகு பஞ்சம் இல்லை. மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் மலிவாகக் கிடைக்கின்றன. படித்த பாடம் ஒன்று, எழுத வந்த பரீட்சை வேறு. சேமித்துச் சேமித்து இடுப்பிலே குவிக்கிறது உடல்.

பஞ்சம் என்றால் எப்படிப்பட்ட பஞ்சம் என்பதற்கு வரலாறே ஒரு கொடுஞ்சோதனை நடத்திக் காட்டியது. 1944-45 குளிர்காலத்திலே, ஜெர்மானியப் படை மேற்கு ஹாலந்துக்கு உணவு வரும் வழியை அடைத்தது. நகரத்தாருக்குக் கிடைத்தது ஆயிரம் கலோரிக்கும் குறைவு. துலிப் கிழங்கைத் தின்று உயிர் காத்தனர். அப்போது கருவிலிருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதிலே இராணுவச் சோதனைக்கு வந்தனர். மூன்று இலட்சம் பேரின் ஏடுகளைப் புரட்டி 1976-ல் முடிவை வெளியிட்டனர். கருவின் முற்பாதியிலே பஞ்சத்தில் சிக்கியவர்களிடையே உடற்பருமன் ஏறத்தாழ இரட்டிப்பு; கடைசி மாதங்களில் சிக்கியவர்களிடம் குறைவு. எந்த மாதத்திலே பசி என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது! ஏழாம் மாதம் வளையல் போட்டு, எலுமிச்சை சாதமும் புளிச் சாதமும் கிளறித் தருகிறோமே, மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கு முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது, "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று அவள் தன் தாயிடம் சொல்வதற்கும் முன்னால்.

முதல் மாதத்துக்கும் முன்னால் என்றுகூடச் சொல்லலாம். திருப்பூர்த் தையல் மேசையிலே இன்று கருவுற்று அமர்ந்திருக்கும் பெண் எங்கிருந்து வந்தாள்? பலர் தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து, பதினைந்து பதினாறு வயதிலே, நூற்பாலை விடுதிக்கு அழைத்து வரப்பட்டவர்கள். மூன்றாண்டு வேலை செய், முடிவிலே மொத்தமாகப் பணம், தாலிக்குத் தங்கம் என்றார்கள். சுமங்கலித் திட்டமாம்! பெயரிலே மங்கலம். பஞ்சுத் தூசியிலே, இராப்பகல் மாறிமாறி வரும் ஷிப்டிலே, விடுதிச் சோற்றிலே கழிந்தது எலும்பும் இரத்தமும் ஊற வேண்டிய வயது. அந்த உடல்தான் அடுத்த தலைமுறைக்கு வீடு. வீட்டின் அஸ்திவாரத்தைக் குடைந்துவிட்டு, குடிவந்த குழந்தையைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்கிறோம்.

கருவுற்ற பின் என்ன நடக்கிறது? சட்டம் இருக்கிறது. 1961-ல் பிறந்த மகப்பேறுச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு என்கிறது. சட்டத் தொகுப்புகள் பெயர் மாறின; அந்த 26 நிலைத்திருக்கிறது. 26 வாரம் 182 நாள். தாய்ப்பால் மட்டுமே தர வேண்டிய ஆறு மாதமும் அநேகமாக அதே அளவு. அழகான பொருத்தம்! ஆனால் பேற்றுக்கு முன்பே எட்டு வாரம் ஓய்வெடுத்தாளானால் மிச்சம் 18 வாரம், 126 நாள். ஆகவே என்ன செய்கிறாள்? விடுப்பைச் சேமிக்கிறாள். எட்டாம் மாதத்திலும் செக்கிங் மேசையிலே நிற்கிறாள். கழிப்பறைக்குப் போனால் பீஸ் குறையுமே என்று தண்ணீரைக் குறைக்கிறாள்.

இதுகூட, பெயர் பதிவேட்டிலே உள்ளவளின் கதை. பெயரே இல்லாதவளுக்கு? முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. எண்பது நாள் என்ன, எண்ணூறு நாள் உழைத்திருப்பாள்; ஆனால் பீஸ் ரேட், காண்டிராக்ட், இந்த மாதம் இந்தக் கம்பெனி, அடுத்த மாதம் அடுத்த தெரு. எந்த ஏட்டிலும் அவள் எண்பது நாள் இல்லை. இத்தனைக்கும், இ.எஸ்.ஐ.யிலே பதிவு செய்திருந்தால் அந்த 26 வாரச் சம்பளத்தை முதலாளி தம் பெட்டியைத் திறந்து தர வேண்டியதில்லை. காப்பீட்டுக் கழகம் தருகிறது. முதலாளி கட்ட வேண்டியது கூலியில் நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75. அந்த மூன்றேகாலை மிச்சம் பிடிக்கத்தான் பெயரை மறைக்கிறார்கள். மிச்சம் பிடித்த மூன்றேகால் எங்கே போகிறது? பிறக்கப் போகும் பிள்ளையின் தசையிலிருந்து கழிகிறது, முப்பது ஆண்டு கழித்து அதன் இடுப்பிலே ஏறுகிறது.

1984-ல் இதே திருப்பூரிலே பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான்கு மாதத்துக்கு மேல் மெஷின் ஓடவில்லை. விலைவாசிக்கேற்ற படி கேட்டவர்கள், வயிற்றுக்குக் கேட்டார்கள். அந்தப் போரிலே வயிற்றுக்குள்ளே இருந்த வயிற்றையும் எண்ணினார்களோ இல்லையோ, இன்று நாம் எண்ணியாக வேண்டும்.

புனேக்காரர்கள் கண்ட மற்றொன்றும் நமது அடுப்பங்கரைக்கு வேண்டியது. கீரை, பழம், பால் அதிகமாக உண்ட தாய்மாரின் குழந்தைகள் எடையோடு பிறந்தன. வயிறு நிறையச் சோறு என்பது போதவில்லை, சத்து வேண்டும். அந்தத் தாய்மாரில் மூன்றில் இரு பங்கினருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. அது பாலிலே, முட்டையிலே, மீனிலே, கறியிலே உள்ளது. காயிலும் தானியத்திலும் இல்லை. பி12 குறைந்து, ஃபோலேட் மட்டும் மிகுந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலே கொழுப்பும் அதிகம், இன்சுலின் வேலை செய்வதும் மந்தம். இதைக் கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலே தரும் மாத்திரையை எந்தச் சகோதரியும் தூக்கி எறிந்துவிடக் கூடாது! அந்த மாத்திரை தாயையும் சேயையும் காக்கிறது. அதனோடு முட்டையும் பாலும் சேர வேண்டும் என்பதே பாடம். கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் முருங்கைக்கீரையும் மோரும் கொங்குநாட்டு உழவர் வீட்டிலே அன்றாட உணவு. அவற்றை மறக்கவைத்தது நாகரிகம் என்கிறார்கள் சிலர். நேரம் என்பேன் நான். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவள் எந்த நேரத்திலே கீரை ஆய்வாள்?

அரசு செய்தது இல்லாமலில்லை. 1987-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவி, 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 4,000 பெறுமானம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை 2007-லேயே இந்தியாவுக்கு முன்மாதிரியாகத் தொடங்கியது தமிழ்நாடு. சென்னை வைத்தியர் வி. சேஷையா பல்லாண்டு வலியுறுத்தியது அது. அதன் அருமை மைசூரிலே தெரிந்தது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையிலே 1997-98-ல் தொடங்கிய ஆய்வு, கருவுற்றபோது சர்க்கரை மிகுந்த தாய்மாரின் குழந்தைகள் வளர்கையில் அதிகக் கொழுப்போடு வளர்ந்ததைக் காட்டியது. பசித்த கருவும் பருமனுக்கு வழி, சர்க்கரையிலே மிதந்த கருவும் பருமனுக்கு வழி! மெலிந்து பிறந்த பெண் பின்னாளில் சதை போட்டு, சர்க்கரையோடு கருவுறுகிறாள். அவள் மகள் வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறாள். பாட்டியின் பசி பேத்தியின் இடுப்பிலே!

இனித் தொட்டிலுக்கு வருவோம். "என்னம்மா, பிள்ளை இப்படி நோஞ்சானாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார், கொழுகொழுவென்று!" இந்த ஒரு சொல் போதும், தாய் பால்மாவு டப்பாவைத் தேடிப் போக. சீனித் தண்ணீர் தொடங்கி, சர்க்கரை கலந்த மாவு, பிஸ்கட் கரைத்த பால் என்று புகட்டுகிறார்கள். டெல்லியிலே 1969-72-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து அளந்து, 26 முதல் 32 வயதிலே 1,492 பேரைச் சோதித்து, 2004-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? சர்க்கரை நோய்க்கு ஆளானவர்கள், இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அதன் பிறகு பன்னிரண்டு வயது வரை விரைவாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டிலே கூட அவர்களில் ஒருவரும் பருமன் என்று சொல்லத்தக்கவராக இல்லை. கண்ணுக்குத் தெரியாமலே நடந்த களவு!

பிரேசில், குவாதமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் சொன்னதும் இதற்கு ஒத்ததே. முதல் இரண்டு ஆண்டில் ஏறிய எடையும் உயரமும் உடலுக்கும் படிப்புக்கும் உரம். பின்னர் அவசரமாக ஏற்றிய எடை பெரும்பாலும் கொழுப்பு. ஐந்திலே வளையாதது ஐம்பதிலே வளையுமா என்று கேட்டார்கள் முன்னோர். ஐந்து என்பதே தாமதம் என்கிறது இன்றைய அறிவு.

சர்க்கரையைப் பற்றி ஒன்று. இரண்டாம் உலகப் போரிலே சர்க்கரைக்குப் பங்கீடு வைத்த பிரிட்டன், 1953 செப்டம்பரிலே அதை நீக்கியது. உடனே மக்கள் உண்ட சர்க்கரை ஏறத்தாழ இரட்டித்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்கள் சுமார் 60,000 பேரை ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள்: கருவிலும் முதல் இரண்டு ஆண்டிலும் பங்கீட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பிற்காலச் சர்க்கரை நோய் 35 விழுக்காடு குறைவு, இரத்த அழுத்தம் 20 விழுக்காடு குறைவு. எழுபது ஆண்டுக்கு முன் நாக்கிலே வைத்த இனிப்பு! அதே 2024-ல், ஐரோப்பாவிலே சர்க்கரையின்றி விற்கும் குழந்தை மாவை இந்தியாவிலே சர்க்கரை சேர்த்து விற்கிறார்கள் என்று ஸ்விட்சர்லாந்து அமைப்பு ஒன்று அம்பலப்படுத்தியது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு டப்பா, நம் குழந்தைக்கு வேறு டப்பா! 1992-ல் வந்த சட்டப்படி பால்மாவுக்கும் குழந்தை மாவுக்கும் விளம்பரம் கூடாது. விளம்பரம் எதற்கு, பக்கத்து வீட்டு அம்மாள் இருக்கும்போது?

தாய்ப்பால் தந்துவிட்டால் பருமனே வராது என்று மேடையிலே முழங்குவோரும் உண்டு. நான் அப்படி முழங்க மாட்டேன். பெலாரஸ் நாட்டிலே 17,000 குழந்தைகளை வைத்து நடத்திய பெரிய சோதனையிலே, தாய்ப்பால் தருவதை ஊக்குவித்ததால் பதினொன்றரை வயதுப் பருமன் குறையவில்லை. நோய் தாக்காமல் காக்க, தாய்ப்பாலுக்கு ஈடில்லை, அது போதாதா? செய்யாத வேலையை அதன் தலையிலே கட்டி, தர முடியாத தாயைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவானேன்? பவர் டேபிளிலே அமர்ந்து, மார்பு கனத்து, மேலாடை நனைந்து, மூன்று தெரு தள்ளி அழும் பிள்ளையை நினைத்துக்கொண்டு தைக்கிறாளே, அவளிடம் போய்த் தாய்ப்பால் வாரத்துத் துண்டறிக்கையை நீட்டினால் என்ன சொல்வாள்?

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்திலே குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்று 2017 திருத்தம் கூறிற்று. திருப்பூரிலே பெரிய கம்பெனிகள் சில வைத்திருக்கின்றன. ஆனால் இந்த ஊரின் தையலிலே பெரும்பகுதி, முப்பது மெஷின், இருபது மெஷின் போட்ட ஜாப் ஒர்க் கொட்டகைகளிலே அல்லவா நடக்கிறது! ஐம்பதைத் தொடாத கணக்கு. அங்கன்வாடி இருக்கிறது, பிற்பகலோடு பூட்டிவிடுகிறார்கள். தாய்க்கு ஷிப்ட் முடிவது இரவு எட்டரை. இடையிலே உள்ள மணிகளை யார் பார்த்துக்கொள்வது? மூத்த பிள்ளை, ஐந்து ரூபாய்ப் பாக்கெட், கைபேசி.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை வீட்டிலே தங்கியிருக்கும் பெண்ணுக்கு இதிலும் பாதிதான். அவள் குழந்தையின் பெயர் ஊரிலுள்ள ஏட்டிலே இருக்கும், எடை பார்க்கும் தராசு இங்கே இருக்கும். 1911 முதல் இங்கிலாந்திலே ஹெர்ட்ஃபோர்டுஷையர் மாவட்டத்துச் செவிலியர் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் எடையைப் பிறப்பிலும் ஓராண்டிலும் ஏட்டிலே எழுதிவைத்தனர். எழுபது எண்பது ஆண்டு கழித்து டேவிட் பார்க்கர் என்ற அறிஞர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தே, பிஞ்சு எடைக்கும் முதுமை நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டினார். நமது அங்கன்வாடி ஊழியர் எழுதும் ஏடும் அதற்குச் சளைத்ததல்ல. யார் பிள்ளையானாலும், எந்த மொழி பேசினாலும், திருப்பூர் எல்லைக்குள் தவழும் குழந்தை அந்த ஏட்டிலே ஏற வேண்டும்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே காப்பகம் வைக்க முடியாது என்றால், ஜாப் ஒர்க் கொட்டகைகள் நிறைந்த தெருக்களுக்குப் பொதுவாக ஒன்று, இரவு ஒன்பது வரை திறந்திருக்கட்டும். வேலை தரும் ஏற்றுமதியாளரும் மாநகராட்சியும் செலவைப் பகிரட்டும். காண்டிராக்டர் மாறினாலும் பெண்ணின் வேலை நாள் கூடிக்கொண்டே வரும் வகையில் பதிவு வேண்டும். கருவுற்றவளுக்கு ஒன்றரை ஷிப்ட் கூடாது. எட்டு மணி நேரத்துக்கே கூலி கட்டுப்படியாக வேண்டும். கேண்டீனிலே, பத்து மணி டீக்கு வர்க்கிக்குப் பதில் அவளுக்கு ஒரு வேகவைத்த முட்டை, ஒரு தம்ளர் பால்.

"கட்டுப்படியாகுமா?" என்பர் முதலாளிமார். அமெரிக்கத் தீர்வை, பங்களாதேஷ் போட்டி, நூல் விலை என்று பட்டியல் போடுவர். பட்டியலிலே உண்மை உண்டு. ஆனால் ஒரு முட்டையின் விலையையும், அவர் ஏற்றுமதி செய்யும் ஒரு டி-சர்ட்டின் விலையையும் பக்கத்திலே பக்கத்திலே எழுதிப் பார்க்கட்டும். வெளிநாட்டு வியாபாரி அனுப்பும் ஆய்வாளர் தீயணைப்புக் கருவியை எண்ணுகிறார், கழிப்பறைக் கதவைத் தட்டிப் பார்க்கிறார். அவர் வருகிற நாளிலே மட்டும் பூட்டுத் திறந்து, புதுப் பொம்மை அடுக்கப்படும் காப்பக அறைகளும் உண்டென்று பெண்கள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்கு மேசை போடுவார்கள். பஞ்சப்படி, போனஸ், பயணப்படி என்று வரிசையாகக் கோரிக்கை எழுதுவீர்கள். எழுதுகிறவர்களும், மேசையின் இரு பக்கமும் அமர்கிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். இம்முறை ஓவர்லாக் மெஷினிலிருந்து இரண்டு பெண்களை, செக்கிங் மேசையிலிருந்து ஒருத்தியை, கைக்குழந்தையோடு வருவதானாலும் சரி, அழைத்துச் சென்று முன்வரிசையிலே உட்கார வையுங்கள். தொட்டிலை முதல் கோரிக்கையாக எழுதச் சொல்லி அவர்கள் கையிலே பேனாவைக் கொடுங்கள்.